செய்தவர் முதலில் உட்கார வேண்டும்

துணிக்கடை காலி செய்துவிட்டுப் போன மாடி அது. ஆளுயரக் கண்ணாடிகளை மட்டும் சுவரிலேயே விட்டுப் போயிருந்தார்கள். இப்போது அவற்றின் மேல் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. போன வருடம் ஒருவர் கொண்டுவந்த நாலுகால் ரோபோ, கண்ணாடியில் தெரிந்த தனக்கே வழிவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே போய்ப் படியில் உருண்டது. மறுநாள் ஒட்டிய தாள்கள் அவை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அங்கே கூடினார்கள். கேமராவும் மோட்டாரும் வைத்து, தானே பார்த்துத் தானே முடிவெடுக்கும் எதையாவது வீட்டில் செய்தவர்கள் அதைக் கொண்டுவந்து காட்டினார்கள். கூட்டத்துக்கு மூன்று விதிகள். செய்தவர் முதலில் இயந்திரத்தின் எதிரே உட்கார வேண்டும். நிறுத்தும் பொத்தான் வேறொருவர் கையில் இருக்க வேண்டும். தவறு நடந்தால், வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் அதே தவறை இன்னொரு முறை நடத்திக் காட்ட வேண்டும். அப்போதும் செய்தவர்தான் எதிரே உட்கார வேண்டும்.

அன்று அக்கா உட்கார்ந்தாள். அவளுடைய தம்பி போனில் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றே அழைத்தார்கள். பிஸ்கட் ஆலையில் பெட்டி அடுக்கும் ரோபோ கைகளைப் பழுது பார்ப்பவள். ஆலை கழித்துப்போட்ட சின்னக் கை ஒன்றுதான் மேசையில் திருகி வைக்கப்பட்டிருந்தது. அதன் நுனியில் ரப்பர் பூசிய கரண்டி. மேலே ஒரு கேமரா. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு.

அவள் வாயைத் திறந்தாள். கை கிண்ணத்தில் அள்ளியது, உயர்ந்தது, உதட்டருகே வந்து வேகம் குறைத்தது, உள்ளே வந்தது. வாயை மூடினாள். கரண்டி விலகியது. மென்று விழுங்கினாள். மீண்டும் திறந்தாள். மீண்டும் வந்தது.

கூட்டத்தை நடத்தும் பல் டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"என் கிளினிக் நர்ஸைவிட இதுக்குக் கை மென்மை."

"சம்பளமும் கேக்காது," என்றார் பிரேக்.

பிரேக் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பேச்சில் மட்டும் பிரேக் கிடையாது என்பதால் வந்த பெயர். சிவப்புப் பொத்தான் எப்போதும் அவரிடம்தான் இருக்கும். வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்தால், எழுந்திருக்கும் வரை எடுக்க மாட்டார்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தம்பியின் சக்கர நாற்காலியை மேசைக்கு நேராகத் தள்ளி, இரண்டு சக்கரங்களையும் பூட்டினாள்.

அவனுக்குத் தலையும் கழுத்தும் மட்டும் அசையும். கூரையிலிருந்து விழுந்தவன். அதற்கு முன்பு காய்கறி மண்டியில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தான். இன்று நாலு பேர் நாற்காலியோடு படியில் தூக்கி வந்தார்கள். அதில் பிரேக்கும் ஒருவர். "நாப்பது வருஷமா லிஃப்ட் வேலை, கடைசியில நானே லிஃப்ட் ஆயிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே தூக்கினார்.

அடுத்த மாதம் அக்கா வேறு ஊரில் வேலையில் சேர வேண்டும். ரோபோ கைகளை வடிவமைக்கும் நிறுவனம். இனி அவள் மற்றவர்கள் வடிவமைத்த கைகளைப் பழுது பார்க்க வேண்டியதில்லை. காலையிலும் மாலையிலும் தம்பியைக் கவனிக்க ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். மதியத்துக்கு ஆள் இல்லை. மதியச் சாப்பாட்டை அவனால் தனியாகச் சாப்பிட முடிந்தால் அவள் போகலாம். முடியாவிட்டால் காப்பகம். அதை இருவரும் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தார்கள். ஒரு கூடத்தில் எல்லா நாற்காலிகளும் ஒரே டிவியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. டிவி ஓடவில்லை. வாசலுக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "உன்ன இங்க விட்டுட்டு நான் எங்கயும் போகல. கை வேலை செஞ்சா போறேன். இல்லன்னா இல்ல."

கூட்டத்தில், அவனுக்கு அறிமுகமில்லாதவர்கள் முன்னால் கை தேற வேண்டும் என்பதும் அவள் வைத்த நிபந்தனைதான்.

"ரெடியா?" என்றாள்.

தம்பி தலையசைத்தான்.

வாயைத் திறந்தான். கரண்டி வந்தது. மூடினான். விலகியது. அவன் விழுங்கும் வரை அக்கா அவன் தொண்டையைப் பார்த்தாள். அவனால் பலமாக இரும முடியாது. வயிற்றுத் தசைகள் ஒத்துழைக்காது. எதுவும் தவறான வழியில் போனால், யாராவது விலாவுக்குக் கீழே கை வைத்து, அவன் மூச்சோடு சேர்த்து அழுத்த வேண்டும். உடனே அழுத்த வேண்டும்.

இரண்டாவது கரண்டியும் ஒழுங்காகப் போனது. பின்வரிசையில் யாரோ மெதுவாகக் கை தட்டினார்கள்.

"எப்படி இருக்கு தம்பி? உப்பு போதுமா?" என்றார் பல் டாக்டரம்மா.

தம்பி புருவத்தை உயர்த்தி இறக்கினான்.

"பார்த்தீங்களா," என்றார் பிரேக். "வாய்க்குள்ள எதையாவது வச்சுட்டுத்தான் கேள்வி கேப்பாங்க. என்கிட்டயும் இப்படித்தான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கிட்டே, பையன் எந்த ஸ்கூல்னு கேட்டாங்க."

"நீங்க ஒருத்தர்தான் பதிலும் சொன்னீங்க."

சிரிப்பு எழுந்தது. தம்பி உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டான். அக்கா அதைக் கவனித்தாள். கூச்சம் என்று நினைத்தாள். விபத்துக்குப் பிறகு அவன் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிடும்போது சுத்தமாக நின்றுவிட்டது.

மூன்றாவது கரண்டி. நான்காவது. அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. புதிய ஊரில் வாடகைக்குப் பார்த்து வைத்திருந்த அறை நினைவுக்கு வந்தது. ஒரு ஜன்னல், ஒரு மேசை. அந்த நினைப்பை உடனே தள்ளினாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் பிரேக். கை பொத்தானின் மேலேயே இருந்தது. தலையை மட்டும் தம்பி பக்கம் சாய்த்தார். "மண்டியில முன் கேட்டுக்குப் பக்கத்துல ஸ்டூல் மேல நின்னு ஏலம் விட்டது நீங்கதானே?"

தம்பி தலையசைத்தான்.

"அதானே பார்த்தேன். ஐயா, உங்களாலதான் என் முதுகு போச்சு. ஒரு கிலோ தக்காளி வாங்க வந்தவன் நான். என்ன தொழில்னு கேட்டீங்க. லிஃப்ட்னு சொல்லித் தொலைச்சேன். 'ஏத்தி இறக்குறது இவருக்குப் பழக்கம்தான், வெங்காய மூட்டைய இவருக்கே போடு'ன்னுட்டீங்க."

தம்பியின் காது சிவந்தது. மூக்கால் மூச்சு விட்டான். உதடுகளை இறுக்கினான்.

"நாலாவது மாடி. எங்க வீட்ல லிஃப்ட் கிடையாது."

"போதும்ங்க," என்றார் பல் டாக்டரம்மா, சிரித்துக்கொண்டே.

"ஒரு மாசம் வெங்காயம். உரிச்சு உரிச்சு நான் அழுத அழுகையில, வீட்டுக்காரி அடிக்கிறாளான்னு பக்கத்து வீட்ல விசாரிக்க வந்துட்டாங்க."

தம்பி சிரித்துவிட்டான். வாய் முழுக்கத் திறந்து, தலை பின்னால் சாய்ந்து, மண்டியில் சிரித்த சிரிப்பு.

கை அள்ளியது. உயர்ந்தது.

அவன் பார்த்துவிட்டான். வாயை மூடப் பார்த்தான். சிரிப்பு அடங்கவில்லை. மூச்சை உள்ளே இழுக்க வாய் மறுபடி திறந்தது. அதே நேரத்தில் கரண்டி உள்ளே போனது.

"நிறுத்து!" என்று கத்தினாள் அக்கா.

பிரேக் அதற்கு முன்பே அழுத்தியிருந்தார். கை நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. கரண்டி அவன் பற்களுக்கு நடுவே, நாக்கின் மேல். அவன் கண்கள் விரிந்தன. தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. நின்றால் இறுகிக்கொள்ளும்படி அவள்தான் செய்திருந்தாள். பெட்டி அடுக்கும் கை பாதியில் தளர்ந்தால் பெட்டி விழும்.

"நாற்காலிய! நாற்காலிய இழுங்க!"

சக்கரங்கள் பூட்டியிருந்தன. அவளே பூட்டியது. குனிந்து ஒன்றை விடுவித்தாள். மற்றொன்றை பல் டாக்டரம்மா காலால் தட்டிவிட்டார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. கரண்டி அவன் வாயிலிருந்து வெளியே வந்து காற்றில் அப்படியே நின்றது.

அவள் அவனை முன்னால் சாய்த்தாள். விலாவுக்குக் கீழே இரு உள்ளங்கைகளையும் வைத்தாள்.

"இருமு."

அழுத்தினாள். ஒன்றும் இல்லை.

"இருமுடா."

அவன் உதடுகளின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அறையில் யாரும் அசையவில்லை. மீண்டும் அழுத்தினாள். ஏதோ நகர்ந்தது. மீண்டும். உருளைக்கிழங்குக் கட்டி அவன் மடியில் விழுந்தது. மூச்சு கிழியும் சத்தத்தோடு உள்ளே போனது.

அவன் முகத்தில் நிறம் திரும்பி வரும் வரை அவள் கையை எடுக்கவில்லை. பல் டாக்டரம்மா டார்ச் அடித்து அவன் வாய்க்குள் பார்த்தார். முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டார். "வெளிய வந்துடுச்சு," என்றார். "ராத்திரி காய்ச்சல் வந்தா எனக்குப் போன் பண்ணு."

பிரேக்கின் கை இன்னும் பொத்தான் மேல் இருந்தது.

"லிஃப்ட் நின்னா அப்படியே நிக்கணும்," என்றார் யாரிடமும் என்றில்லாமல். "இது நின்னா விலகணும்."

அக்கா தம்பியின் மடியைத் துடைத்தாள். கரண்டியைக் கழற்றினாள். கிண்ணத்தை மூடினாள்.

"முடிஞ்சுது. நாளைக்கு அந்தக் கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

"அக்கா."

"பேசாதே. மூச்சு வாங்கு."

"எனக்குத் தெரியும்," என்றான் தம்பி.

அவள் கை நின்றது.

"என்ன தெரியும்?"

"பேசினா வரும். கொட்டாவி விட்டா வரும்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு இழுத்தான். "ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். அதனாலதான் பேசறதில்ல."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ போகமாட்டே."

"செத்துப்போயிருப்பே."

"பேசாம இருந்தா சாகமாட்டேன். பழகிட்டேன். இவர் வெங்காயம்னு ஒண்ண எடுத்துவிடுவார்னு யாருக்குத் தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. பிரேக் தரையைப் பார்த்தார்.

அக்கா கையை மேசையோடு பிடித்திருந்த திருகைக் கழற்றக் குனிந்தாள். பல் டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார்.

"கழட்டாதே. விதி இருக்கு."

"டாக்டர், ப்ளீஸ். இன்னிக்கு வேண்டாம்."

"இன்னிக்குத்தான் வேணும். இப்படியே எடுத்துட்டுப் போனா நீ பரண்ல தூக்கிப் போட்டுடுவே. எங்க தப்புன்னு உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உட்காரு."

அக்கா நின்றாள். பிறகு கரண்டியை மறுபடி பூட்டினாள். பிரேக் நிறுத்தத்தை விடுவித்தார். கை மெதுவாக ஆரம்ப நிலைக்குத் திரும்பியது. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"யாராவது ஏதாவது கேளுங்க," என்றார் பல் டாக்டரம்மா. "அவ பதில் சொல்லட்டும்."

"நான் கேக்கறேன்," என்றான் தம்பி.

நாற்காலியை மேசையின் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். அக்காவும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் கை.

"ஆறு மாசம் என்னை வீடியோ எடுத்தியே. நான் சாப்பிடறத. அதுல நான் பேசினதெல்லாம் இருக்குமே. அத என்ன பண்ணினே?"

அவளுக்குப் பதில் தெரியும். ஆலையில் பெட்டி சரிந்த படங்களை நீக்கிவிட்டுத்தான் கைக்குக் காட்டுவார்கள். ஒழுங்கானதை மட்டும் பார்த்துக் கற்கட்டும் என்று. வீட்டிலும் அப்படியே செய்தாள். அவன் பேசினால் வாய் தேவையில்லாமல் திறந்து மூடும். பதிவு கெட்டுப்போகும். முதலில் பேசாதே என்றாள். பேசிய துண்டுகளை வெட்டினாள். மழை பற்றி, மண்டியில் பழைய கூட்டாளி வந்துபோனது பற்றி, பக்கத்து வீட்டுப் பூனை பற்றி அவன் சொன்னதெல்லாம் அந்தத் துண்டுகளில் இருந்தது. திறந்த வாய் என்றால் பசி என்று கை கற்றுக்கொண்டது. அதற்கு வேறு எதையும் அவள் காட்டவில்லை.

"அழிச்சுட்டேன்," என்றாள்.

கை அள்ளியது. உயர்ந்து பாதி வழி வந்தது. அவள் உதடு மூடியிருந்ததைப் பார்த்துத் தயங்கித் திரும்பியது.

"இது கணக்கில்ல," என்றார் பல் டாக்டரம்மா. "அதே தப்பு நடக்கணும்."

தம்பி மூச்சை இழுத்தான்.

"நீ போக ஆசைப்படறியா? எனக்காக இல்ல. நான்னு ஒருத்தன் இல்லவே இல்லன்னு வச்சுக்கோ. போகணும்னு இருக்கா?"

அக்கா உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள். சற்று முன் அவன் மடித்ததைப் போலவே. கேமராவின் சின்ன விளக்கு அவள் முகத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. கை அசையவில்லை. செய்தித்தாள் ஒட்டிய கண்ணாடியின் ஓரத்தில் அவளுடைய தோள் மட்டும் தெரிந்தது.

"சொல்லுக்கா. அது காத்துக்கிட்டு இருக்கு."

"ஆமா."

முதல் எழுத்துக்கே கை கிளம்பிவிட்டது. அவள் வாயை மூடவில்லை. "ஆமா. ரொம்ப நாளா. தினமும் அந்த ஊர் மேப்பைப் பார்க்கறேன்," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்டி பல்லில் இடித்து உள்ளே வந்தது. கிழங்கு நாக்கின் மேல் கனத்தது. அவளால் தன் கையை உயர்த்தி அதைத் தள்ள முடியும். தள்ளவில்லை. மூக்கால் மூச்சு விட்டபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேக் அழுத்தினார். கரண்டி அவள் வாயில் நின்றது.

"நடந்துடுச்சு," என்றார் பல் டாக்டரம்மா. "ரெண்டு தப்பும் நடந்துடுச்சு."

அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து விழுங்கினாள். கண்ணில் நீர் நின்றது. இடித்த பல்லை நாக்கால் தடவினாள்.

"நான் அப்பவே ஒண்ணு கேட்டேன்," என்றான் தம்பி. "தாடைக்குக் கீழ ஒரு பட்டன். நான் அமுக்கினாத்தான் வரணும்னு."

"கேட்டான்," என்றாள் அவள். "பட்டன் வச்சா அது வெறும் மிஷின்னு சொன்னேன். உன் முகத்தைப் பார்த்து அதுவே புரிஞ்சுக்கணும்னேன்."

"நீயே புரிஞ்சுக்கல. அது எங்க புரிஞ்சுக்கும்?"

பிரேக் முதல் முறையாக எழுந்தார். மூலையில் இருந்த தன் பையைத் திறந்து துழாவினார். பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய பொத்தான். எதிரெதிர்த் திசையில் இரண்டு அம்புக்குறிகள்.

"கதவ மூட விடாம திறந்து வச்சுக்கற பட்டன். தொட்டாப் போதும். கட்டை விரல் இல்லாத கிழவியே அமுக்கிட்டு இருந்தா."

அதை ஒரு வளைந்த தகட்டில் ஒட்டி, தம்பியின் சட்டைக் கழுத்துப் பட்டையில் பொருத்தினார்கள். முதலில் நழுவியது. பிரேக் பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்து மறுபடி ஒட்டினார். அக்கா மடிக்கணினியில் இரண்டு இடங்களை மாற்றினாள். பொத்தான் அழுத்தினால் மட்டும் கரண்டி வரும். நிறுத்தினால் பின்வாங்கும். மாற்றியதும் அவளே முதலில் உட்கார்ந்தாள். தம்பியின் கழுத்தில் இருந்த பொத்தானைக் கை நீட்டி அழுத்தி ஒரு வாய் சாப்பிட்டாள். அழுத்தாமல் வாயைத் திறந்து வைத்தாள்; கரண்டி அசையவில்லை. அழுத்திவிட்டு, பிரேக்கை நிறுத்தச் சொன்னாள். கரண்டி விலகியது.

பிறகு தம்பியின் நாற்காலியை நேராகத் தள்ளினாள். இந்த முறை சக்கரங்களைப் பூட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"இது போதாது," என்றார் பல் டாக்டரம்மா. "பட்டன் இருந்தாலும் புரையேறலாம். பக்கத்துல ஆள் வேணும்."

"மதியம் நான் அந்தப் பக்கம்தான் சுத்திட்டு இருப்பேன்," என்றார் பிரேக். "என் டிபன் பாக்ஸ அங்க வச்சுத் திறக்கறேன். எப்படி அமுக்கணும்னு மட்டும் அக்கா சொல்லிக் குடுக்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் அக்கா.

"வெங்காயத்துக்குக் கணக்கு தீர்ற வரைக்கும்."

அக்கா கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

தம்பி தொண்டையைச் செருமினான். பழைய குரல் இல்லை. பாதிதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கி எங்கே வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"வாங்க, வாங்க. அடுத்த சரக்கு. எங்க அக்கா. ஒரே உருப்படி. பிடிவாதம் ஜாஸ்தி, சொன்ன பேச்சு கேக்காது. ஆனா வேலையில கெட்டி."

வாய் திறந்து மூடித் திறந்தது. அக்கா கரண்டியைப் பார்த்தாள். அது கிண்ணத்தின் மேல் நின்றது.

"வெளியூர் கம்பெனி ஒண்ணு கேக்குது. உள்ளூர்ல யாராவது கேக்கறீங்களா? லிஃப்ட்காரரே?"

"ஐயோ, நாலாவது மாடி," என்றார் பிரேக். உள்ளங்கை சிவப்புப் பொத்தான் மேல்.

"உள்ளூர்ல ஆள் இல்ல. ஒரு தரம்."

கரண்டி வரவில்லை. அவன் மூச்சு வாங்கினான். வாய் அகலத் திறந்திருந்தது. அக்காவின் பார்வை கரண்டிக்கும் அவன் வாய்க்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் நின்றது.

"ரெண்டு தரம்."

அவன் அதோடு நிறுத்தினான். தலையைத் திருப்பப் பார்த்தான். பின்னால் நிற்கும் அவளை அவனால் பார்க்க முடியவில்லை. அறை காத்திருந்தது. கையும் காத்திருந்தது.

"மூணு தரம்," என்றாள் அக்கா.

அவன் தாடையைத் தாழ்த்திப் பொத்தானை அழுத்தினான். கரண்டி நகர்ந்தது.